பிழையான அளவுகோலும் தூய மனச்சாட்சியும்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, பங்கு மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, எமது இளைஞர் மன்றத்தினர் ஒரு விவரணப் படம் காட்டினர். ‘ஹபிள்’ என்பது அதன் பெயர். 2010-ம் ஆண்டில் வெளிவந்தது. டோனி மையர்ஸ் என்னும் பெண்மணி நெறிப்படுத்தியது. நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோ அதன் விளக்கவுரையை வாசிக்கிறார். முப்பரிமாணக் கண்ணாடி அணிந்து, ஐமாக்ஸ் என்னும் மாபெருந் திரையிற் பார்ப்பதற்கென எடுக்கப்பட்ட படம் அது. எம்மிடம் அந்தக் கண்ணாடியும் இல்லை, அத்தகைய திரையும் இல்லை. துணியோ காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஆயினும் ஓரியன் மண்டலத்து ஒளிமுகிலுக்குள் நாமே நுழைந்து செல்வது போன்ற காட்சி வந்தபோது, பிரசங்க நேரத்திலும் பேச்சை நிறுத்தாத பின்வரிசைப் பையன்கள் வாயடைத்துப் போனார்கள். இதைச் சற்றுப் பொறாமையுடன்தான் எழுதுகிறேன்.

2009 மே மாதத்தில் அற்லான்ரிஸ் விண்ணோடத்தில் ஏழு விண்வெளி வீரர்கள் சென்று ஹபிள் தொலைநோக்கியைக் கடைசி முறையாகப் பழுதுபார்த்த பயணமே படத்தின் முதுகெலும்பு. அவர்கள் கொண்டுசென்ற ஐமாக்ஸ் கமெராவில் எட்டு நிமிடங்களுக்கு மட்டுமே போதுமான படச்சுருள் இருந்ததாம். எதை எடுப்பது, எதை விடுவது என்று எவ்வளவு தவித்திருப்பார்கள்!

படம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, உயர்தர வகுப்பிற் கற்கும் ஒரு மாணவன் என்னிடம் வந்தான். அத்தொலைநோக்கியின் பழைய கதையையும் அவன் எங்கோ வாசித்திருந்தான். “பாதர், இவ்வளவு படித்தவர்கள் பிழையான கண்ணாடியை எப்படி மேலே அனுப்பினார்கள்? அனுப்ப முதல் அளந்து பார்க்கவில்லையா?” என்று கேட்டான். “மனிதர்தானே தம்பி, தவறுவது இயல்பு” என்று சொல்லிவிட்டு மண்டபத் திறப்பைத் தேடப் போனேன். அது சோம்பேறித்தனமான மறுமொழி என்பது அன்றிரவே உறுத்தத் தொடங்கிற்று. தேடி வாசித்தேன். அவர்கள் அளந்துதான் பார்த்தார்கள். மீண்டும் மீண்டும் அளந்தார்கள். அங்கேதான் விடயமே இருக்கிறது.

வாசகர் சற்றுப் பொறுமையுடன் இக்கதையைக் கேட்கவேண்டும்.

தொலைநோக்கியின் உயிர்நாடி அதன் பெரிய ஆடி. குறுக்களவு 2.4 மீற்றர். அமெரிக்காவில் கனெற்றிக்கட் மாநிலத்து டான்பரி நகரில், பேர்க்கின்-எல்மர் என்னும் நிறுவனத்தார் 1979-ல் அதனை மெருகிடத் தொடங்கி 1981 மே மாதம் வரை மெருகிட்டனர். மேற்பரப்பின் மேடுபள்ளம் ஏறத்தாழ 10 நனோமீற்றருக்கு மேற்படாதபடி இழைத்தார்கள். ஒரு மில்லிமீற்றரை ஓர் இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு அது. அதுகாலவரை மனிதன் செய்த பெரிய ஆடிகளுள் இவ்வளவு வழுவழுப்பானது வேறில்லை என்று பெருமைப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது.

இத்தகைய நுண்மையைக் கண்ணாற் கண்டறிய முடியாது. ஆகவே அதற்கென்றே ஓர் அளவுகருவி செய்தார்கள். இரு சிறிய ஆடிகளும் ஒரு வில்லையும் கொண்டது அது. அதனூடாக ஒளியைச் செலுத்திப் பெரிய ஆடியிலே தெறிக்கவிட்டு, திரும்பி வரும் ஒளிக்கோலத்தைப் பார்ப்பார்கள். கோடுகள் நேராயிருந்தால் ஆடி சரி. வளைந்திருந்தால் இன்னும் தேய்க்கவேண்டும். கருவி சொன்னபடி தேய்த்தார்கள். கடைசியில் கோடுகள் நேராயின. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தார்கள்.

பிழை ஆடியைத் தேய்த்த கைகளில் இருக்கவில்லை, கருவியில் இருந்தது. அக்கருவியைப் பூட்டிய நாளில், வில்லை நிற்கவேண்டிய தூரத்தை ஓர் உலோகக் கோலைக்கொண்டு அளந்தார்கள். கோலின் நுனியில் ஒரு மூடி. ஒளி தெறியாதிருக்க அம்மூடிக்கு ஒரு பூச்சுப் பூசியிருந்தது. ஓரிடத்தில் அந்தப் பூச்சு உரிந்து போயிருந்தது. அளக்கும் ஒளிக்கதிர் கோலின் நுனியிற் பட்டுத் திரும்புவதற்குப் பதிலாக, பூச்சு உரிந்த இடத்திற் பட்டுத் திரும்பியது. இதனால் வில்லை 1.3 மில்லிமீற்றர் இடம் மாறி நின்றது.

கதையின் கசப்பு இனித்தான் வருகிறது. பிழையான அந்த அளவுக்கு வில்லையை இறக்கக் கருவியின் அமைப்பே இடங்கொடுக்கவில்லை. வரைபடப்படி எல்லாம் சரியாயிருந்தால் இப்படி முட்டியிருக்கக் கூடாது. கருவியே “நில், ஏதோ கோளாறு” என்று முனகியது எனலாம். வேலையிலிருந்தவர்கள் நிற்கவில்லை. கடையில் வாங்கக்கூடிய சாதாரண வாசர்களை இடையிலே செருகி, வில்லையை வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொண்டு, மேலே தொடர்ந்தார்கள். பொழுதும் பணமும் நெருக்கிய காலம் அது.

அதன்பின் வேறு இரு கருவிகளும் சாட்சி சொல்லின. ஒன்று அந்தப் பெரிய அளவுகருவியையே சோதிப்பதற்கென வைத்திருந்தது. மற்றது ஆடியைச் சோதிக்கும் பழைய முறைக் கருவி. இரண்டும் பிழையைக் காட்டின. ஆனால் அவை நுண்மை குறைந்தவை; புதிய கருவியோ தன்னிகரற்றது. நுண்மை குறைந்தவை நுண்மை மிகுந்ததைத் திருத்துவதா? அவற்றின் சாட்சி தள்ளப்பட்டது.

1990 ஏப்ரில் 24-ம் திகதி டிஸ்கவரி விண்ணோடம் ஹபிளை ஏற்றிச் சென்றது. யூன் மாதம் முடியுமுன் நாசா உலகுக்கு உண்மையை அறிவிக்க நேர்ந்தது. ஆடியின் ஓரம் 2.2 மைக்கிரோன் கூடுதலாகத் தட்டையாகியிருந்தது. ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் நட்சத்திரத்தின் ஒளி ஒரு புள்ளியிற் குவியாமல் பரந்து மங்குவதற்கு அது போதும். லூ அலன் என்பவரின் தலைமையில் விசாரணைக் குழுவொன்று டான்பரிக்குச் சென்றபோது, அந்த அளவுகருவி 1981-ல் இருந்த நிலையிலேயே கலையாமல் இருந்தது. அளந்து பார்த்தார்கள். 1.3 மில்லிமீற்றர்.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். ஆடி பிழையாகச் செய்யப்பட்டது என்று சொல்வது முழு உண்மையன்று. பிழையான ஓர் அளவுக்கு, அணுவளவும் பிசகாமல், மிகமிகச் சரியாகச் செய்யப்பட்டது. தேய்த்தவர்களிடம் அசட்டை இல்லை; கடமையுணர்வு இருந்தது. அவர்களைக் கூப்பிட்டு விசாரித்திருந்தால், ‘எங்கள் அளவுகோலுக்கு விரோதமாக நாங்கள் ஒன்றும் செய்யவில்லை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது சத்தியமாகவும் இருந்திருக்கும்.

இதே வாக்கியத்தை வேறொரு சொல்லை மாற்றிவைத்து நான் அடிக்கடி கேட்கிறேன். ‘என் மனச்சாட்சிக்கு விரோதமாக நான் ஒன்றும் செய்யவில்லை, சுவாமி.’ பிணக்குத் தீர்க்கப் போகும் வீடுகளிலே கேட்கிறேன்; நோயாளியின் கட்டிலருகே கேட்கிறேன்; வெகுநாளாகப் பாவசங்கீர்த்தனத்துக்கு வராதவர்களிடமும் கேட்கிறேன். சொல்பவர்களிற் பெரும்பாலோர் பொய் சொல்வதில்லை. அவர்களுடைய கோடுகள் நேராகவே இருக்கின்றன.

நல்லெண்ணத்துடன் தவறானதைச் செய்பவன் குற்றவாளியா? குருமடத்தில் நாம் இக்கேள்வியோடு மல்லுக்கட்டியது நினைவிருக்கிறது. புனித தோமஸ் அக்குவினாஸ் இதனை இரண்டாகப் பிரித்துக் கேட்கிறார். தவறும் மனச்சாட்சி மனிதனைக் கட்டுப்படுத்துமா என்பது முதற் கேள்வி. ஆம், கட்டுப்படுத்தும் என்கிறார். தீமையென்று ஒருவன் உண்மையாகவே நம்பும் ஒன்றை அவன் செய்தால், அது தன்னிலே நன்மையாயினும், அவனது சித்தம் தீமையைத்தான் தெரிந்துகொள்கிறது. மனச்சாட்சியை மிதித்து நடக்க எவருக்கும் உரிமையில்லை. தவறும் மனச்சாட்சி மனிதனைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமா என்பது இரண்டாவது கேள்வி. இங்கே அவர் உடனே தலையசைப்பதில்லை. அந்த அறியாமை எங்கிருந்து வந்தது என்று திருப்பிக் கேட்கிறார். அறிய வழியே இல்லாதிருந்ததா? அன்றி, அறிந்திருக்க வேண்டியதை அறிய நீ முயலவில்லையா? முன்னையது மன்னிக்கத்தக்கது, பின்னையது அவ்வாறன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 16-ம் இலக்கத்தில் இதே வழியிற் செல்கிறது. வெல்ல முடியாத அறியாமையினால் தவறும் மனச்சாட்சி தன் மாண்பை இழப்பதில்லை. உண்மையைத் தேட அக்கறையற்றவனுக்கும், பாவப் பழக்கத்தால் மெல்ல மெல்லக் குருடாகிய மனச்சாட்சிக்கும் அந்தச் சலுகை இல்லை.

ஆக, டான்பரியிற் பூச்சு உரிந்தது பாவமா? இல்லை. யாரும் அறியவில்லை. வில்லை 1.3 மில்லிமீற்றர் விலகியதும் அப்படியே. ஆனால் வாசர்? அங்கே கருவி முட்டியது. முட்டியதை அவர்கள் உணர்ந்தார்கள். ஏன் என்று கேட்காமல் வழி செய்தார்கள். அறியாமை என்ற வெள்ளைத்துணியில் முதற் கறை அந்த இடத்தில் விழுகிறது. இரு சாட்சிகளைத் தள்ளியபோது கறை பரவுகிறது. ஒத்துவராத அச்சோதனைகளை எவரும் துருவிப் பார்க்கவில்லை என்பதையும், நாசாவும் தூண்டிக் கேட்கவில்லை என்பதையும் விசாரணைக் குழு கண்டித்தது.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடலாம், குறுக்கிட வேண்டும். ‘நல்ல கருவியை நம்புவது தவறா? கூர்மையான சாட்சிக்கும் மழுங்கிய சாட்சிக்கும் முரண்பாடு வந்தால், கூர்மையானதை நம்புவதல்லவா அறிவுடைமை?’ இதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. எனக்கும் இது வெகுநேரம் தடையாயிருந்தது. ஆனால் நுண்மை ஒன்று, செம்மை வேறொன்று. பத்து நிமிடம் பிந்தி ஓடும் மணிக்கூடு வினாடியைக்கூடத் தவறாமற் காட்டலாம். முற்றத்து நிழலைப் பார்த்து நேரம் சொல்லும் கிழவிக்கு வினாடி தெரியாது. ஆனால் மணிக்கூடு மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டால் அதைக் கண்டுபிடிக்க அவளே போதும். மழுங்கிய கருவியால் சிறு பிழையைக் காண இயலாது என்பது மெய்தான். அது பிழையைக் கண்டேன் என்று சொல்லும்போது, அந்தப் பிழை பெரிதாயிருக்கிறது என்பதல்லவா பொருள்? அப்படியாயின் அதற்குத்தான் கூடுதலாகச் செவிகொடுத்திருக்க வேண்டும்.

நம்முடைய மனச்சாட்சியைச் சோதிக்க ஆண்டவர் நம்மருகே வைத்திருக்கும் கருவிகளும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவையே. மனைவியின் மௌனம், பிள்ளையின் கேள்வி, வேலைக்காரனின் முகவாட்டம், எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு கிழவியின் முறைப்பாடு.

கிழவி என்று எழுதும்போது என்னுடைய வாசர் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நினைவஞ்சலி அறிவித்தல் எமக்கு வந்தது. வெளிநாட்டிலுள்ள மகன் தட்டச்சில் அழகாக அனுப்பியிருந்தார். பத்திரிகை அச்சேறுவதற்கு முதல்நாள், இறந்தவரின் தாயார் அயல்வீட்டுப் பையனிடம் ஒரு துண்டுக் கடதாசி கொடுத்தனுப்பினார். பிறந்த ஆண்டு பிழை என்று கோணல் எழுத்தில் இருந்தது. நான் அச்சுப் படியை எடுத்து, மகனின் தட்டச்சுப் பிரதியுடன் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கினேன். இம்மியும் பிசகவில்லை. ‘எல்லாம் சரி என்று அம்மாவிடம் சொல்லு’ என்று பையனை அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் அந்த அம்மா மகளின் ஞானஸ்நானப் பத்திரத்துடன் வந்தார். ஏசவில்லை. பத்திரிகையை என் மேசையில் விரித்து, அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் ஒப்புநோக்கியது உண்மை; கவனமாகச் செய்ததும் உண்மை. பெற்றவளின் கோணல் எழுத்தைவிட நேரான எழுத்தை நம்பினேன் என்பதுதான் நடந்தது.

அது ஓர் ஆண்டுக் கணக்கு, திருத்தம் போட்டுவிட்டோம். திருத்தம் போட முடியாதவையும் உண்டு. நமது கோவில்கள் சிலவற்றில் ஒரு காலத்தில், இன்ன சாதியார் இன்ன இடத்தில் என்று ஒதுக்கி வைத்திருந்ததை மூத்தோர் அறிவர். அப்படி ஒதுக்கியவர்கள் கொடியவர்களா? செபமாலை தவறாதவர்கள் அவர்கள். தபசுகாலத்தில் வயிறொடுங்க ஒருசந்தி பிடித்தவர்கள். கோபித்ததையும் பொய் சொன்னதையும் எண்ணி எண்ணிப் பாவசங்கீர்த்தனத்திற் சொன்னார்கள். பாயைப் பின்னுக்குப் போடச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. ஒளித்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களின் அளவுகோல் அதைப் பிழையென்று காட்டவேயில்லை. கேட்டுக்கொண்டிருந்த குருக்களும் கேட்கவில்லை. ஆனால் பின்னுக்கு நின்ற அந்த மனிதரின் முகம் ஒவ்வொரு ஞாயிறும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காதிருக்க முடியாது. பார்த்தும், ‘அவர்களுக்கு அது பழக்கந்தானே’ என்று ஒரு வாசரைச் செருகிவிட்டுப் பூசை காணலாம். பெண்ணைப் பெற்ற ஏழையிடம் வீடும் காசும் கேட்டு எழுதும்போது ‘ஊர்வழமைதானே’ என்று நாம் செருகுவதும் அதே வாசர். ‘அவர்கள் செய்ததற்கு எங்கள் ஆட்கள் செய்தது பரவாயில்லை’ என்று யுத்த காலத்திலே எல்லாத் தரப்பாரும் எத்தனை எத்தனை செருகினோம்!

புனித சின்னப்பரைவிட இதனை அறிந்தவர் எவர்? முடியப்பர் கல்லெறிபட்டு வீழ்ந்த நாளில், எறிந்தவர்களின் மேலாடைகளுக்குக் காவல் நின்ற இளைஞன் சவுலின் மனச்சாட்சி உறுத்தவில்லை. திருச்சட்டத்தின் நேர்மையில் தன்னிடம் குறை காணமுடியாதபடி வாழ்ந்தவன் என்று பின்னாளில் அவரே எழுதினார். அதனாலேயே கொரிந்தியருக்கு எழுதும்போது அவர் எச்சரிக்கையாகிவிடுகிறார். தமக்கு எதிராகத் தம்மிடம் எதுவும் தெரியவில்லை என்கிறார். ஆயினும் அதனால் தாம் குற்றமற்றவரென்று தீர்ந்துவிடவில்லை என்றும், தீர்ப்பிடுபவர் ஆண்டவரே என்றும் சேர்த்துச் சொல்கிறார். தாம் அறியாத பிழைகளிலிருந்து தம்மைத் தூய்மையாக்கும்படி 19-ம் திருப்பாடல் வேண்டுகிறது. பின்னாளிற் பாப்பரசரான கர்தினால் ராட்சிங்கர் 1991-ல் டல்லாஸ் நகரில் மனச்சாட்சியைப் பற்றிப் பேசியபோது இந்தத் திருப்பாடலைத்தான் எடுத்துக்கொண்டார். உறுத்தல் அற்றுப்போவது நலத்தின் அடையாளம் என்று எண்ணிவிடாதீர்கள், அது நோயாகவும் இருக்கலாம் என்பதே அவர் கருத்து.

இன்னொன்றையும் அந்த மாணவனுக்கு நான் சொல்லவில்லை. ஹபிள் 1986-ல் ஏவப்படவேண்டியது. அவ்வாண்டு ஜனவரி 28-ம் திகதி சலெஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறி எழுவர் மாண்டதால் எல்லாம் பின்தள்ளப்பட்டது. மெருகிட்ட நாளிலிருந்து கணக்கிட்டால், பிழையோடு அந்த ஆடி பூமியிலே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இருந்திருக்கிறது. பின்னைய ஆண்டுகள் தூசு படாத அறையில், காவலுடன், பெருஞ் செலவில். ஒருதரமாவது முழுத் தொலைநோக்கியையும் சேர்த்து ஒளியைச் செலுத்திப் பார்த்திருக்கலாம். செலவு கூடும் என்று அந்தச் சோதனை கைவிடப்பட்டிருந்தது. பத்து ஆண்டுகளாகப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகாமல், பூசையும் காணிக்கையும் தவறாமல் வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். தூசு படாமல் இருக்கிறார்கள்.

திருத்தம் எப்படி நடந்தது? பலர் நினைப்பதுபோல ஆடியை மாற்றவில்லை. விண்ணிலே அதனை மாற்றவும் முடியாது. பிழை இன்னதென்று மிகத் துல்லியமாக அறிந்தபின், அதற்கு நேர்மாறான பிழையைச் சிறு ஆடிகளிலே வேண்டுமென்றே செதுக்கினார்கள். நாணயமளவே பருமனான ஆடிகள் அவை. தொலைபேசிக் கூண்டளவான ஒரு பெட்டியில் அவற்றைப் பொருத்தி, 1993 டிசெம்பரில் எண்டெவர் விண்ணோடத்தில் எழுவர் சென்று, ஐந்து முறை வெளியே இறங்கி, தொலைநோக்கிக்குள் வைத்தார்கள். புதிய கமெராவொன்றையும் அதே திருத்தத்துடன் வைத்தார்கள். அடுத்த மாதம் நட்சத்திரங்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. பிழையை ஏற்று அளந்த பின்னரே இது கூடிற்று. 1.3 மில்லிமீற்றர் என்று சொல்ல யாரும் முன்வராதிருந்தால், எதற்கு எதிராகச் செதுக்குவது?

நாம் மண்டபத்திற் பார்த்த பயணத்தில், 2009-ல், அந்தப் பெட்டியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். பின்னர் பொருத்திய கருவிகள் ஒவ்வொன்றிலும் திருத்தம் கூடவே அமைந்திருந்ததால் அது தேவையற்றதாகிவிட்டது. இப்போது வாஷிங்டன் அரும்பொருட்சாலையில் இருக்கிறது. கொடக் நிறுவனத்தார் மாற்றுக்கென மெருகிட்டு வைத்த மற்ற ஆடியும் அங்கேதான். அதில் இந்தப் பிழை கிடையாது. அது வானத்தைக் கண்டதுமில்லை. பிழையுள்ள ஆடி 2.2 மைக்கிரோன் தட்டையாகவே இன்னும் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. பையன்களை வாயடைக்கச் செய்த அந்த ஓரியன் காட்சிக்கு மூலமான படங்களைத் தந்ததும் அதுவே.

படத்தை இன்னொரு முறை போடும்படி கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு மாலை செபமாலைக்குப் பின் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்த மாணவனையும் வரச் சொல்லி ஆளனுப்பியாயிற்று. திறப்பு இம்முறை என்னிடம் இருக்கிறது. அவனுக்குச் சொன்ன மறுமொழியைத் திருத்தவேண்டும்.